நாள் பூரா நின்றவள் உட்காரும்போது

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்து அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் லேப்டாப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1953இல் வந்த 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கதை என்ன என்று கேட்கவும் இல்லை. ஒரு பார்வை திரையில், ஒரு கை முழங்காலைத் தேய்த்தபடி, தூக்கம் வரும்வரை சும்மா இருந்தாள். படத்தில் வயதான ஒரு பெண், தெருத்தெருவாகக் கழுத்து டை விற்கிறவள், ராத்திரி தன் அறைக்குத் திரும்பி கிராமபோனில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது, அதற்குள் அம்மா சொன்னாள்: "நாள் பூரா நின்னவ உக்கார்ற மாதிரி உக்கார்றா பாருடி."

அந்த நடிகையின் பெயர் தெல்மா ரிட்டர். அவரை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வை மட்டுமே நாலைந்து தடவை பார்த்திருப்பேன், அவர் வாயைத் திறந்தாலே சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் எப்படி நிற்கிறார், எப்படிக் குனிகிறார், பேசும்போது கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்றெல்லாம் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா 27 வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அடுப்புக்கு முன்னால் நின்றவள். பாஷை புரியாத படத்தில், பெயர் தெரியாத ஒருத்தியின் இடுப்பையும் முதுகையும் பார்த்தே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எனக்கு அது பல நாள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ரிட்டரின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை வசனத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன்.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு விஷயம்தான் வரும். வாய்த்துடுக்கான வேலைக்காரி வேடங்களுக்குப் பேர்போனவர் என்பது ஒன்று. ஆறு தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒரு தடவையும் வாங்காதவர் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரையை அவர் அளவுக்கு அதிகத் தடவை பெற்றவர் இன்றுவரை யாரும் இல்லை. 1950, 51, 52, 53 என்று நான்கு வருஷம் தொடர்ச்சியாக வந்த படங்களுக்குப் பரிந்துரை, அப்புறம் 1959, 1962. ஜோசஃபின் ஹல், கிம் ஹண்டர், குளோரியா கிரஹாம், டோனா ரீட், ஷெல்லி விண்டர்ஸ், பேட்டி டியூக் என்று ஒவ்வொரு தடவையும் வேறொருவர் கைக்குப் போனது. 1955இல் அதே ஆஸ்கர் விழாவை ஹாலிவுட்டில் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் நடத்த, நியூயார்க் மேடையில் நின்று தொகுத்து வழங்கியவரும் ரிட்டர்தான். இதையெல்லாம் 'பாவம், அதிர்ஷ்டம் இல்லை' என்கிற தொனியில் எழுதிவிட்டு முடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தொனி பிடிக்கவே இல்லை. சிலை கிடைக்காததைவிடப் பெரிய குறை ஒன்று அவருடைய படங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு வருகிறேன்.

கால் வலியோடு வந்தவர்

ரிட்டர் சினிமாவுக்கு வந்தபோது வயது 45. 1902 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நியூயார்க்கிலேயே நடிப்புப் பள்ளியில் முறையாகப் படித்து, ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் நடித்து, 1927இல் ஜோசப் மோரன் என்ற நடிகரைக் கல்யாணம் செய்துகொண்டார். நடிப்பில் வருமானம் போதாமல் மோரன் விளம்பரத் துறைக்குப் போனார், ரிட்டர் வீட்டோடு இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு 1940களில் ரேடியோ நாடகங்களில் குரல் கொடுத்தார். நடிக்கத் தெரிந்தும், ஓடியாடுகிற வயதில் நடிக்காமல், சமையலும் துணி துவைப்பதுமாகப் போன வருஷங்கள் அவை. வீட்டில் இருந்ததால் இழந்த காலம் என்றுதான் பலரும் கணக்கு வைப்பார்கள். அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1947இல் ஜார்ஜ் சீட்டன் என்ற இயக்குநர், தெரிந்தவர் என்பதால், 'மிராக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' படத்தில் ஒரு சின்ன வேடத்துக்கு அவரைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸ் சமயம், நியூயார்க்கின் மேசீஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் சாண்டா கிளாஸிடம் மகனைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு தாய். பையன் தண்ணீர் பீய்ச்சும் பொம்மைத் தீயணைப்பு வண்டி கேட்கிறான். நிச்சயம் கிடைக்கும் என்று சாண்டா வாக்குக் கொடுத்துவிடுகிறார். அம்மாக்காரிக்குப் பகீர் என்கிறது, ஏனென்றால் ஊர் பூரா அலைந்து தேடியாகிவிட்டது, எந்தக் கடையிலும் இல்லை. பையனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, கால் செத்துப்போச்சு, இப்போது இவனுக்கு யார் பதில் சொல்வது என்று பொரிந்து தள்ளுகிறாள். சாண்டா அமைதியாக வேறொரு கடையின் பெயரைச் சொல்லி, அங்கே இருக்கிறது, விலை எட்டரை டாலர்தான் என்கிறார். ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கடைக்கு ஆளை அனுப்புகிறாரே என்று அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். முதலில் நம்பவில்லை, அப்புறம் சந்தேகம், அப்புறம் 'அட, நிஜமாகவே சொல்கிறான்' என்ற வியப்பு. மொத்தமே ஒன்றிரண்டு நிமிஷம். அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்த ஸ்டுடியோ தலைவர் டேரில் ஜானக், இந்த அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுங்கள் என்று சொல்லி வேடத்தை நீட்டவைத்தார். டைட்டிலில் மட்டும் அவர் பெயர் இல்லை.

அந்தத் தாய் கையில் எத்தனை பொட்டலம், எந்தக் காலில் பாரத்தை ஊன்றி நிற்கிறாள் என்று இந்தத் தடவைதான் பார்த்தேன். கடை கடையாக ஏறி இறங்கியவளின் எரிச்சல் அது. அவள் கத்துவது சாண்டாவின் மேல் கோபத்தால் இல்லை, கத்துவதற்கு அந்த நேரத்தில் எதிரே வேறு ஆள் இல்லை. வீட்டில் பிள்ளை வளர்த்த அத்தனை வருஷங்களும் அந்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் வந்து இறங்கியிருக்கின்றன.

கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை

'ரியர் விண்டோ'வில் அவர் ஸ்டெல்லா. கால் உடைந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடக்கும் புகைப்படக்காரரைக் கவனித்துக்கொள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் நர்ஸ். எதிர் வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயே, நம் ஆட்கள் எல்லாரும் தங்கள் வீட்டுக்கு வெளியே போய் நின்று உள்ளே பார்த்தால் நல்லது என்று அவள் சொல்வது எல்லாருக்கும் தெரிந்த வசனம். அதைச் சொல்லும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். வந்தவுடன் பையை வைக்கிறாள், தெர்மாமீட்டரை எடுத்து அந்த ஆள் வாயில் செருகுகிறாள் (பதில் பேசாமல் இருப்பான் பாருங்கள்), கட்டிலுக்குத் துணி விரிக்கிறாள், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் எண்ணெய் தேய்க்கிறாள். இதைச் சூடு பண்ணவே மாட்டாயா என்று அவன் நடுங்குகிறான். ரத்த ஓட்டத்துக்குச் சண்டை போட ஏதாவது வேண்டாமா என்கிறாள், தேய்ப்பதை ஒரு நொடிகூட நிறுத்தாமல். 1929 பங்குச் சந்தைச் சரிவைத் தான் முன்கூட்டியே கண்டுபிடித்த கதையையும் இப்படித்தான் சொல்கிறாள். பெரிய மோட்டார் கம்பெனி இயக்குநர் ஒருவருக்கு நர்ஸாக இருந்தாளாம், அவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிப்பறைக்குப் போவதைப் பார்த்தே நாடு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டாளாம்.

இதை எல்லாரும் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்கிறோம், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ரிட்டர் ஒரு வரியையும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு, சிரிப்பு வருகிறதா என்று காத்திருப்பதும் இல்லை. ஸ்டெல்லாவுக்கு அடுத்த வீடு இருக்கிறது, அங்கே இன்னொரு நோயாளி இருக்கலாம். வேலை செய்கிறவர்கள் வேலைக்கு நடுவில் பேசுவது அப்படித்தான் இருக்கும். பணம் படைத்தவரின் உடம்பைத் துடைத்து, படுக்கையை மாற்றுகிற பெண்ணுக்கு அவரைப் பற்றி அவருடைய பங்குதாரர்களைவிட அதிகம் தெரியும். அந்தத் தெரிதலைத்தான் ரிட்டர் நடிக்கிறார். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் வாய்த்துடுக்கு.

பாதியில் காணாமல் போகிறவள்

நான் சொன்ன குறை இதுதான். 1950இல் வந்த 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் ரிட்டர் பேர்டி. பெரிய நாடக நடிகை மார்கோவுக்கு உடை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர், ஒரு காலத்தில் தானும் மேடையில் ஆடிப்பாடியவள். ஈவ் என்ற பெண் வந்து தன் கண்ணீர்க் கதையைச் சொல்கிறாள், ஒப்பனை அறையில் இருக்கும் அத்தனை படித்தவர்களும் உருகிப்போகிறார்கள். பேர்டி மட்டும், கதையில் வேட்டை நாய்கள் துரத்துவது ஒன்றுதான் பாக்கி என்கிறாள். உடனே மார்கோ, ஐந்தாந்தர நாடகக்காரிக்குக்கூடப் புரியவேண்டிய மனித அனுபவங்கள் சில உண்டு என்று எல்லார் முன்னாலும் அவளைக் குத்திவிடுகிறாள். பேர்டி மன்னிப்புக் கேட்கிறாள், என் பேச்சே அப்படித்தான் என்கிறாள். அந்த இடத்தில் ரிட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வருத்தம் இருக்கிறது, ஆனால் தான் பார்த்தது தப்பு என்று அவள் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மார்கோவே, உனக்கு ஈவைப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறாள். அவள் உன்னை ஒரு புத்தகத்தைப் படிப்பதுபோல, ஒரு கட்டிட வரைபடத்தைப் படிப்பதுபோலப் படிக்கிறாள், நீ நடப்பது, பேசுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாவற்றையும் என்கிறாள் பேர்டி. படத்தின் முழுக் கதையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

அதற்கப்புறம்? படத்தின் பின்பாதியில் பேர்டியே இல்லை. அவள் சொன்னது பலித்தது, மார்கோவுக்கு எல்லாம் புரிந்தது, ஒருவருக்கொருவர் மன்னித்துக்கொண்டார்கள். நீ அன்றைக்கே சொன்னாய் என்று ஒருவர்கூட பேர்டியிடம் வந்து சொல்லவில்லை. எங்கே போனாள் என்று கேட்கவும் இல்லை. 14 பரிந்துரை பெற்று ஆறு ஆஸ்கர் வாங்கிய படம் அது, வசனத்துக்காக இன்றும் கொண்டாடுகிறார்கள், எனக்கும் ரொம்பப் பிடித்த படம். ஆனால் அந்தப் பின்பாதியில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் பேர்டி தேநீர்த் தட்டோடு வருவாள் என்று நான் காத்துக்கொண்டிருப்பேன். வரமாட்டாள்.

1961இல் வந்த 'தி மிஸ்ஃபிட்ஸ்' படத்திலும் இதேதான். மர்லின் மன்றோவும் கிளார்க் கேபிளும் முழுதாக நடித்து முடித்த கடைசிப் படம் என்பதால் அதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. நெவாடாவில் விவாகரத்து வாங்க வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் இசபெல்லாக ரிட்டர், ஒரு கையில் கட்டு. மன்றோ நடிக்கும் பெண் நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், எத்தனை பெண்களை இப்படி அனுப்பியிருப்பாள் என்று அந்த நிதானத்திலேயே தெரியும். படத்தின் நடுவில், குதிரையையும் காளையையும் அடக்கும் ரோடியோ போட்டி நடக்கும் இடத்தில் பழைய கணவனையும் அவன் புது மனைவியையும் பார்க்கிறாள், அவர்களோடு சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறாள். அத்தோடு சரி. பாக்கிப் படம் அவளை நினைக்கவே இல்லை.

'தி மேட்டிங் சீசன்' இன்னும் கொடுமை. 1951இல் வந்தது. ஹாம்பர்கர் கடை வைத்திருந்த தாய், கடையை வங்கிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மகனைத் தேடி வருகிறாள். மகன் பெரிய இடத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறான். மருமகள் ஜீன் டியர்னி, வாசலில் நிற்பவளை வேலைக்கு வந்த சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். தாயும் மறுக்காமல், சரி, இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மகன் வீட்டிலேயே சமையல்காரியாகத் தங்கிவிடுகிறாள். படத்தைத் தூக்கிச் சுமப்பது ரிட்டர்தான், கதையே அவளுடையது. அதற்கும் அவர் 'துணை நடிகை'தான். 1955இல் பேடி சாயெஃப்ஸ்கி எழுதிய 'தி கேட்டர்ட் அஃபேர்' தொலைக்காட்சி நாடகத்தில் மகள் கல்யாணச் செலவில் அல்லாடும் டாக்ஸி டிரைவரின் மனைவியாக ரிட்டர் நடித்தார். மறு வருஷம் அது சினிமாவானபோது அந்த வேடம் பெட்டி டேவிஸுக்குப் போனது, 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் மார்கோவாக நடித்த அதே பெட்டி டேவிஸ். டேவிஸ் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பெரிய நடிகை. சின்னத் திரைக்குப் பேர்டி போதும், பெரிய திரைக்கு மார்கோதான் வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் பாருங்கள், அந்த முடிவின் மேல்தான் கோபம்.

டை விற்கிறவள்

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்தை எழுதி இயக்கியவர் சாமுவேல் ஃபுல்லர். இளம் வயதில் நியூயார்க் பத்திரிகைகளுக்குக் குற்றச் செய்தி எழுதி அலைந்தவர், அந்தத் தெரு ஆட்களை நேரில் அறிந்தவர். ஸ்கிப் என்ற பிக்பாக்கெட்டாக ரிச்சர்ட் விட்மார்க் நடிக்கிறார். ரயிலில் ஒரு பெண்ணின் பையிலிருந்து அவன் அடித்த பர்ஸில் ரகசிய ஃபிலிம் இருக்கிறது, அதற்காகப் போலீஸும் கம்யூனிஸ்ட் உளவாளிகளும் துரத்துகிறார்கள். மோ என்கிற மோ வில்லியம்ஸாக ரிட்டர். வெளியே டை விற்கிறாள், உள்ளே போலீஸுக்குத் துப்புக் கொடுத்துக் காசு வாங்குகிறாள். திருடன் எப்படிப் பையைத் திறந்தான், எந்த விரலை உபயோகித்தான் என்று கேட்டே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். கொடுப்பதற்கு முன் பேரம். விலைவாசி ஏறியிருக்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி என் ரேட்டும் ஏறும் என்று காய்கறிக்காரியைப் போலக் கறாராக நிற்கிறாள்.

அந்தக் காசெல்லாம் எதற்கு? அவள் தன் சாவுக்குச் சேர்க்கிறாள். நல்ல இடத்தில் ஒரு குழி, அதன் மேல் ஒரு கல். நியூயார்க்கில் கேட்பாரற்றுச் செத்தவர்களைப் புதைக்கும் பொது இடத்துக்குப் பாட்டர்ஸ் ஃபீல்ட் என்று பெயர். நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ஹார்ட் தீவில் 1869 முதல் நகராட்சி இப்படிப் புதைத்துவருகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், பெரும்பாலும் வரிசை வரிசையான பொதுக் குழிகளில், பெயர்க் கல் இல்லாமல். பணத்தை இப்படி மேலேயே வைத்துக்கொண்டு திரிகிறாயே, தொலைத்துவிட்டால் பாட்டர்ஸ் ஃபீல்ட்தான் என்று போலீஸ் கேப்டன் விளையாட்டாகச் சொல்கிறார். மோவின் முகம் இறுகிப்போகிறது. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்கிறாள். என்னை அங்கே புதைத்தால் நான் செத்தே போவேன் என்றும் சொல்கிறாள். அந்த வாக்கியத்தில் இருக்கும் முரண் அவளுக்குத் தெரியாது, ரிட்டரும் அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

ஸ்கிப்பைக் காட்டிக்கொடுத்தவளும் மோதான். அவனுக்கு அது தெரியும், ஆனால் அவள் மேல் அவனுக்கு வருத்தமே இல்லை, அவளும் சாப்பிட வேண்டாமா என்கிறான். அப்புறம் அவனைக் கொல்ல ஒருவன் அலைகிறான் என்று தெரிந்ததும் மோவே போய் அவனை எச்சரிக்கிறாள். அந்த ராத்திரிதான் அறைக்குத் திரும்பி, பாட்டைப் போட்டு, கட்டிலில் சாய்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் உள்ளே அந்தக் கொலைகாரன். ஸ்கிப் எங்கே இருக்கிறான், சொல் என்கிறான்.

இங்கே ஒரு பெரிய நடிகை என்னவெல்லாம் செய்திருக்க முடியும்! ரிட்டர் எதுவும் செய்யவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. பயப்படுவதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் மிச்சமில்லை. ஓடி முடியப்போகிற பழைய கடிகாரம் நான் என்கிறாள். முதுகு வலி, தலைவலி, ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு தெருவில் நடப்பதும் மாடிப்படி ஏறுவதும் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா என்று அந்தக் கொலைகாரனிடமே சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. சாவதற்காகச் சம்பாதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். ஆனாலும் உன்னை மாதிரி ஆளோடு வியாபாரம் செய்துதான் நல்ல சவ அடக்கம் கிடைக்கும் என்றால் அது எனக்கு வேண்டாம், நீ என் தலையைச் சுட்டுப் பறக்கவிட்டால் எனக்கு உபகாரம் என்கிறாள். காமிரா அவளை விட்டு விலகிக் கிராமபோன் பக்கம் போகிறது. வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

வாழ்க்கை முழுக்க அந்தக் குழிக்காகவும் கல்லுக்காகவும் ஒவ்வொரு தகவலையும் விற்றவள், கடைசியில் ஒரே ஒரு தகவலை விற்கமாட்டேன் என்றதால் அந்தக் குழியையே இழக்கிறாள். இதைத் தியாகம் என்று ரிட்டர் நடித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் அதைக் களைப்பாக நடித்தார். அப்படி ஒரு களைப்பைத் திரையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிரான்சில் இந்தப் படத்தை வெளியிட்டபோது கம்யூனிஸ்ட் உளவு விஷயத்தை எடுத்துவிட்டு டப்பிங்கில் போதை மருந்துக் கடத்தல் என்று மாற்றிவிட்டார்களாம். கதையின் அச்சாணியையே மாற்றியும் இந்தக் காட்சிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் துணிபு. முதுகு வலிக்கு எந்தக் கட்சியும் கிடையாதே.

அந்த நடிப்புக்கும் ஆஸ்கர் வரவில்லை. மேடை அவருக்கு மரியாதை செய்தது, 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக 1958இல் டோனி விருது, அதுவும் உடன் நடித்த க்வென் வெர்டனோடு சமமாகப் பகிர்ந்து. 1962இல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' படத்தில் சிறைக் கைதி மகனின் தாயாக, சிரிப்பின் நிழல்கூட இல்லாமல், மகன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டதும் கல்லாகிப்போகிற தாயாக அவர் நடித்ததைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. கடைசிப் படம் 1968இல், முதல் படத்துக்குக் கூப்பிட்ட அதே ஜார்ஜ் சீட்டனின் படம். 1969 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கில் மாரடைப்பில் இறந்தார். 67ஆவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று ராத்திரி, துப்பாக்கிச் சத்தத்துக்கு அப்புறம் அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தாள், பிறகு பாயை விரித்துப் படுத்துவிட்டாள். மீதிப் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "அந்த டை விக்கிற அம்மாவ எங்க புதைச்சாங்க?" மோ பணம் சேர்த்தது எதற்கு என்று ராத்திரி நடுவில் ஒரு வரி சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தை ஓட்டிக் காட்டினேன். பாட்டர்ஸ் ஃபீல்டுக்குப் போகிற படகு. மரப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதில் ஒன்று மோ. ஸ்கிப் படகில் ஏறி அந்தப் பெட்டியைத் தேடிக் கேட்கிறான். நீ சொந்தக்காரனா என்கிறார்கள், இல்லை என்கிறான். பின்னே என்ன பண்ணப்போகிறாய் என்கிறார்கள். புதைக்கப்போகிறேன் என்கிறான். பேர்டியை யாரும் தேடவில்லை, இசபெல்லை யாரும் தேடவில்லை. மோவைத் தேடி ஒருவன் வந்தான், அதுவும் காசுக்காக அவளால் காட்டிக்கொடுக்கப்பட்டவன்.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள், "கல்லு வச்சானா?"

அதைப் படத்தில் காட்டவில்லையே அம்மா என்றேன்.

"வச்சிருப்பான்" என்றாள்.